ஆட்டுக்கிடைக்குப் பின்னால் ஓர் ஐஸ் பெட்டி

ஒன்றுமே நடக்கவில்லை என்பதை வாரம் தவறாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டிய உத்தியோகம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். சாத்தான்குளம் பக்கம் நான் கிராமத்து நர்ஸ். திங்கட்கிழமை தோறும், "பதினைந்து வயசுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் திடீரென்று கைகால் தொய்ந்து போகவில்லை" என்று ஒரு படிவம் அனுப்ப வேண்டும். போலியோ நாட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. போனது திரும்பி வருகிறதா என்று வாசலில் காவல் இருக்கிறவர்கள் நாங்கள். அது வராத வரைக்கும் எங்களையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அரசாங்கப் படிவம் ஒன்றை எப்போதாவது நிரப்ப உட்கார்ந்து, பாதியில் பேனாவைக் கடித்துக்கொண்டு முழித்த ஆளா நீங்கள்? அப்படியென்றால் நீங்கள் என் ரத்த சொந்தம். உட்காருங்கள், சொல்கிறேன்.

கதவு எண்

அன்றைக்குப் போன் பண்ணியவர் பால்ராஜ் அண்ணாச்சி. பலசரக்குக் கடையும் நாலைந்து வயலும் உள்ளவர். "நர்சம்மா, நம்ம வயல்ல கெடை கெடக்கு. கீதாரி மவ ஒருத்தி, நாலு வயசு இருக்கும், காலை இழுத்துக்கிட்டுக் கெடக்கா. அப்படி எந்தப் பிள்ளையாவது கெடந்தா சொல்லணும்னு நீதான சொன்ன?" என்றார். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம்; அதுதான் கிடை. இதற்காகவே ராமநாதபுரம் பக்கமிருந்து மந்தையோடு கிளம்பி வருவார்கள். மந்தைக்குத் தலைவர் கீதாரி. பெண்டாட்டி, பிள்ளை, கோழி, நாய் எல்லாம் கூடவே வரும். ஒரு வயலில் இரண்டு ராத்திரி, அடுத்த வயலில் மூன்று ராத்திரி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் பட்டியல் எதிலும் அவர்கள் கிடையாது. போன திங்கட்கிழமை நான் "ஒன்றுமில்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது, அந்தப் பிள்ளை என் எல்லைக்குள்ளேயே கால் தொய்ந்து படுத்திருந்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கீதாரி பெயர் சேது. நாற்பது வயசு இருக்கும். பெண்டாட்டி இருளாயி. பிள்ளை ராக்கு, தார்ப்பாய்க்குக் கீழே ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் பாதம் தொப்பென்று விழுந்தது. உத்தியோகம் உத்தியோகம்தானே, படிவத்தை எடுத்தேன். முதல் கேள்வியே கதவு எண், தெரு, வார்டு. வயலைச் சுற்றிப் பார்த்தேன். கதவும் இல்லை, தெருவும் இல்லை, எங்கே பார்த்தாலும் ஆடுதான் நின்றது. சேது என் சங்கடத்தைப் புரிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எழுதிக்கிருங்க ஆத்தா. ஆடு எங்கிட்டுப் படுக்குதோ, அங்கிட்டுத்தேன் நம்ம கதவு."

பத்து ராத்திரி

இரண்டாவது கேள்வி, கால் தொய்ந்த தேதி. இதுதான் உயிர்நாடி. அந்தத் தேதியிலிருந்து பதினாலு நாளைக்குள், பிள்ளையின் மலத்தை இரண்டு தடவை, இடையில் இருபத்துநாலு மணி நேரம் விட்டு, டப்பாவில் பிடித்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். பதினாலு தாண்டினால் மாதிரி செல்லாது. போலியோவா இல்லையா என்று பிறகு அடித்துச் சொல்ல முடியாது. "என்ன தேதிண்ணே?" என்றேன். "தேதியெல்லாம் யாருக்கு ஆத்தா தெரியும்?" என்றார். கிழமை கேட்டேன். அதுவும் தெரியவில்லை. அமாவாசைக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டதற்குப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் இருளாயிதான் வழிக்குக் கொண்டுவந்தாள். காய்ச்சல் வந்தது குளத்துக் கரை வயலில் கிடை போட்டிருந்தபோது. பக்கத்து ஊரில் ஓர் ஆளிடம் கூட்டிப்போய் இடுப்புக்குக் கீழே ஊசி போட்டார்கள். விடிந்து பார்த்தால் கால் வரவில்லை. அதற்குப் பிறகு அங்கேயே இரண்டு ராத்திரி. ஓடைக்கு மேல்புறம் மூன்று. கோயில் நிலத்தில் நாலு. நேற்று அண்ணாச்சி வயலில் ஒன்று. நான் விரல் விட்டு எண்ணினேன். பத்து. எந்தக் காலண்டரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ராத்திரிக் கணக்கில்தான் கூலி; ஒரு ராத்திரி தப்பினால் ஒரு வயல்காரர் சண்டைக்கு வந்துவிடுவாரே!

ஆக, இன்னும் நாலு நாள். சாயங்காலமே எங்கள் டாக்டரம்மா வந்து பார்த்தார், படிவத்தில் கையெழுத்துப் போட்டார், மாவட்ட ஆபீசுக்குச் சொன்னார். அதன் பிறகு என் போன் ஓயவே இல்லை. ஐஸ் இருக்கிறதா, டப்பா இருக்கிறதா, லேபிள் இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நானும் இருளாயியிடம் டப்பா பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அதெல்லாம் புடிச்சுத் தாரேன் நர்சம்மா. எம்புள்ள நடப்பாளா?"

முந்திக்கொண்டது யார்

மறுநாள் விடிவதற்குள் கையுறை, டப்பா, பிளாஸ்டிக் தாள் சகிதம் போய்விட்டேன். மண் ஒட்டக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, கட்டைவிரல் அளவு வேண்டும். இதெல்லாம் ஆபீஸ் சொன்னது. வயலில் உட்கார்ந்திருக்கிற நாலு வயசுப் பிள்ளைக்கு எதிரே ஒரு பொம்பளை டப்பாவோடு குந்தியிருந்தால் அதற்கு எப்படி வரும் என்று ஆபீஸ் சொல்லவில்லை. ராக்கு என்னைப் பார்த்தாள். நான் ராக்குவைப் பார்த்தேன். அரைமணி நேரம் இரண்டு பேருக்குமே ஒன்றும் ஆகவில்லை. "நீங்க அங்கிட்டுப் போங்க, அது கூச்சப்படுது" என்று இருளாயி என்னை வேலிக்கு அந்தப் பக்கம் விரட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் "வாங்க, வாங்க!" என்று சத்தம் கேட்டது. முள்ளில் சேலை மாட்டி, அதை எடுத்து, கையுறையைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள், கிடையைக் காக்கிற கறுப்பு நாய் வந்து தன் கடமையை முடித்துவிட்டு வாயை நக்கிக்கொண்டு நின்றது. தாள் பளிச்சென்று இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் போச்சு. இருளாயி என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள்: "நீங்க டப்பா, மூடி, லேபிளுன்னு கெளம்புறதுக்குள்ள அது எந்தத் தாளுலயும் கையெழுத்துப் போடாம வேலைய முடிச்சுருச்சு, விடுங்க!"

எல்லைக் கோடு

அதற்கடுத்த நாள் நாயை வேம்பில் கட்டிப்போட்டுவிட்டு முதல் மாதிரியைப் பிடித்தோம். பிள்ளை பிறந்ததுபோல நாலு பேரும் சந்தோஷப்பட்டோம். சேது என்னிடம் நைசாகக் கேட்டார்: "இதையே ரெண்டாப் பங்கு போட்டு, ஒண்ணு இன்னைக்கி, ஒண்ணு நாளைக்கின்னு எழுதிக்கிட்டா என்ன ஆத்தா?" சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. உங்களுக்கும் தட்டியிருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள். கிருமி தினமும் வெளியே வராது, ஒரு நாள் ஒளிந்துகொண்டாலும் மறுநாள் அகப்படும், அதற்குத்தான் இரண்டு என்று அவருக்குச் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் குண்டைத் தூக்கிப் போட்டார். அன்று சாயங்காலம் கிடையைக் கிளப்புகிறார்களாம். அண்ணாச்சி பேசியது மூன்று ராத்திரிதான், அது முடிந்துபோயிற்று. அடுத்து பேசி வைத்திருக்கிற வயல் மேற்கே, மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம். நான் பதறிப்போய் மாவட்ட ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் எங்களுக்கு மேலதிகாரியான சார். காலையிலிருந்து ஐஸைப் பற்றி என்னிடம் ஆறு தடவை விசாரித்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி: "எல்லை தாண்டிட்டாங்கன்னா அது அந்த மாவட்டத்து கேஸும்மா. நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க?"

கிடைத் தரகு

டென்ஷன் ஆகாமல் நேரே அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ஒங்க முருங்கைத் தோட்டத்துல ரெண்டு ராத்திரி கெடை போடச் சொல்லுங்க" என்றேன். தராசுத் தட்டு அப்படியே நின்றது. முருங்கைக்கு எதற்கு இப்போது கிடை என்றார். முருங்கைக்கு ஆட்டு எருவைப்போல வேறு எதுவும் கிடையாது என்று அடித்து விட்டேன். ஆட்டு மூத்திரத்தின் மகிமையைப் பற்றி, அந்தத் தெருவே கேட்கும்படி, கால்மணி நேரம் பேசியிருப்பேன். தடுப்பூசியைப் பற்றிக்கூட நான் அவ்வளவு உருக்கமாகப் பேசியதில்லை. சாமான் வாங்க வந்த இரண்டு பேர் தங்கள் தோட்டத்துக்கும் கிடை வருமா என்று கேட்டார்கள்.

அண்ணாச்சிக்கு விஷயம் என்னவென்று தெரியும். தெரிந்துகொண்டே என்னைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். சேதுவுக்குப் போன் போட்டு, "இன்னும் ரெண்டு ராத்திரி இருந்துட்டுப் போங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். மேற்கே காத்திருந்த வயல்காரரிடமும் அவரே பேசினார். பிறகு கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்: "ஏ நர்சம்மா, நீ பிள்ளையளுக்கு மருந்து ஊத்த வந்தியா, ஆட்டுப் புழுக்கைக்கு ஏஜெண்டா வந்தியா?"

பின் சீட்டில் இரண்டு பெட்டி

பதின்மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது மாதிரியும் கிடைத்தது. தூத்துக்குடிக்குக் கொண்டுபோக ஜீப் வரும் என்றார்கள். ஜீப் ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டது. நோய்க் கண்காணிப்பைத் தீவிரப்படுத்துவது எப்படி என்பதுதான் மீட்டிங். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் போய், தூத்துக்குடி பஸ் ஏறினேன். கண்டக்டர் என் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மீன் பெட்டியெல்லாம் பின்னால" என்று துரத்திவிட்டார். இது மீன் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அப்படியானால் என்ன என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டு போனேன்.

பின் சீட்டில் நிஜமான மீன் பெட்டியோடு அமலோற்பவம் அக்கா உட்கார்ந்திருந்தார். கடற்கரைக்காரர். உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களில் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறார். ஆறுமுகநேரி தாண்டும்போது மூடியைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் முழுக்க கரண்டு இல்லாததால் என் ஐஸ் கட்டிகள் பாதி இளகிப் போயிருந்தன. மாதிரி சூடானால் நாலு நாள் பாடு அத்தனையும் வீண். என் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா, "என்னளா, ஐஸ் போயிட்டா? இந்தா" என்று தன் பெட்டியிலிருந்து இரண்டு கை அள்ளினார். டப்பாக்களைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிவிட்டு, சுற்றிலும் நிரப்பினேன். "என்ன மீனு? பெட்டி சின்னதா இருக்கே" என்று கேட்டார். ஐஸ் கொடுத்தவரிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. காதோடு காதாகச் சொன்னேன், ராக்குவின் காலையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா கையை முந்தானையில் மூன்று தடவை துடைத்தார். அப்புறம் சொன்னார்: "சேசுவே! சரி விடு, எஞ் சாளை மீனுக்கும் ஓஞ் சரக்குக்கும் ஐஸ் ஒண்ணுதான். பிள்ளைக்கு நடை வரட்டும், அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்துதேன்."

சந்தோஷச் செய்தி

இடையில் ஒரு நாள் இருளாயியையும் பிள்ளையையும் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி நரம்பில் பட்டிருக்க வேண்டும் என்றார்கள். நரம்பு மெதுவாகத் தேறலாம், மாசக்கணக்கில் ஆகலாம், முழுசாகத் தேறாமலும் போகலாம். தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும். பாதம் தொங்காமல் இருக்கக் காலுக்கு ஒரு கட்டை மாட்ட வேண்டும். சேது அன்றைக்கு ஒரு பருக்கை சாப்பிடவில்லையாம். "மாத்திரை போதும்னுதேன் அந்த ஆளு சொன்னாரு. நாந்தேன் ஊசியப் போடுங்கன்னு மல்லுக்கு நின்னேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள் ரிசல்ட் வந்தது. போலியோ இல்லை. ஆபீசில் ஒரே கொண்டாட்டம். சார் எனக்கு வாழ்த்துச் சொன்னார். மாதிரிகள் நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தனவாம், ஐஸ் அருமையாம். மீன் வாடை பற்றி யாரும் குறிப்பிடவில்லை. அன்றிலிருந்து போன் அடிப்பது நின்றது. என்னைக் கேட்டால், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கிருமி திரும்பி வரவில்லை என்பது சின்ன விஷயமா? ஓடிப்போய் இருளாயியிடம் சொன்னேன். "போலியோ இல்லளா! நல்லபடியா வந்துட்டு!" அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். கால் மடங்கி ராக்கு உட்கார்ந்தாள். இருளாயி என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அந்த நோவு இல்லன்னா, பெறகு ஏன் நர்சம்மா நிக்க மாட்டேங்குறா?"

பனைமட்டை

காலுக்கு மாட்டுகிற கட்டைக்கு எழுதிப் போட்டோம். வரும் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார்கள். கிடை அதற்குள் மூன்று வயல் மாறிவிட்டது. ஆனால் சேது மேற்கே போகவில்லை. இருளாயி விடவில்லை. ஆஸ்பத்திரி பஸ் போகிற ரோட்டை ஒட்டியே வயல் பிடிக்கச் சொல்லிவிட்டாள். தரகுவேலை யாருக்கு வந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். நான் போன வீடுகளில் எல்லாம் கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா என்று கேட்ட கையோடு, வயல் சும்மா கிடக்கிறதா என்றும் கேட்டேன்.

ஒரு நாள் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது ராக்குவின் காலில் ஏதோ கட்டியிருந்தது. பனைமட்டையைச் சீவி, வளைத்து, துணி சுற்றி, முழங்காலுக்குக் கீழே வாரால் கட்டியிருந்தார் சேது. பாதம் தொங்காமல் நேராக நின்றது. கால் ஒடிந்த குட்டிகளுக்கு இப்படித்தான் கட்டுவாராம். பயிற்சி கொடுக்கிற அம்மா முதலில் கோபப்பட்டார். பிறகு கழற்றிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்திக் கட்டச் சொன்னார், உரசிப் புண் வராமல் குதிகால் பக்கம் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொன்னார். "சர்க்கார் கட்டை வாற வரைக்கும் இதுவே போடலாம்" என்றார். நான் பெருமையாக சேதுவிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஒரு சந்தேகம்: "எங்க குட்டிக பதினஞ்சு நாள்ல அவுத்துப்புட்டு ஓடிப்போகும் ஆத்தா. சர்க்காரு குட்டிக அம்புட்டு நாளா கட்டைக்குக் காத்துக்கிட்டுக் கெடக்குது?"

அறுபதாம் நாள்

கால் தொய்ந்து அறுபது நாள் ஆனதும் மறுபடி போய்ப் பார்த்து எழுத வேண்டும். அது விதி. கிடை அப்போது ஆற்றுப் பாசனத்துப் பக்கம் இருந்தது. சேதுவே எனக்குப் போன் பண்ணி வயல் சொன்னார். அவர் மட்டும் இல்லை, அவர் சொல்லி இன்னும் மூன்று கீதாரிகள் இப்போது எனக்குப் போன் பண்ணுகிறார்கள். "நர்சம்மா, கெடைய மாத்திட்டோம், புள்ளைக எல்லாம் நல்லா ஓடுதுக" என்று. எந்தத் திங்கட்கிழமைக்கும் காத்திராமல் வருகிற அந்த "ஒன்றுமில்லை"யை நம்புகிற மாதிரி, நான் எழுதி அனுப்புவதை நானே நம்பியதில்லை.

டாக்டரம்மாவும் நானும் போய் இறங்கினோம். ராக்கு எழுந்து நின்றாள். நடந்தாள். வலது கால் விரல் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சுத்தியலால் தட்டிப் பார்த்தார், இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தார். வலது கொஞ்சம் இளைத்திருந்தது. படிவத்தில் இதற்கு ஒரே கட்டம்: மீதிப் பலவீனம் உண்டு, இல்லை. நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். ஆபீஸ் சார் சரியாக அந்த நேரம் பார்த்து போனில் வந்தார். "உண்டா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்கம்மா, இன்னைக்கே பைலை மூடணும்." உண்டு என்றேன். டிக் அடித்தேன்.

அந்நேரம் ஒரு குட்டி துள்ளிக்கொண்டு ஓட, ராக்கு அதன் பின்னால் ஓடினாள். பத்தடி போனதும் விழுந்தாள். நான் ஓடப் போனேன். இருளாயி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ராக்கு கையை ஊன்றினாள். முட்டியை மடக்கினாள். எழுந்தாள். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள். இருளாயி கண்ணைத் துடைக்கவில்லை, என் கையிலிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்: "விழுந்தா எந்திரிக்கிறாளான்னு கேக்க இந்தத் தாளுல எடமே இல்லையா, நர்சம்மா?"

இருந்த கட்டங்களை எல்லாம் ஆபீஸ் சொன்னபடி நிரப்பிவிட்டு, ஓரத்தில் வெறுமனே கிடந்த வெள்ளையில் "விழுந்தால் தானே எழுந்துகொள்கிறாள்" என்று நானாக ஒரு வரி எழுதி அனுப்பினேன், அந்தப் படிவம் முழுவதிலும் அந்த ஒரு வரிக்கு மட்டும்தான் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.